சார்ந்து நிற்கும் பிள்ளை: ஒரு விதிக்கு உரை

கனடா நாட்டின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்பு விதிகள் 2002ஆம் ஆண்டு சூன் 28 முதல் வழங்கி வருகின்றன. அவற்றுள் சொற்பொருள் வரையறுக்கும் இரண்டாம் விதியில் 'சார்ந்த பிள்ளை' என்னும் பெயர்க்கு இலக்கணம் கூறப்பட்டது. ஆட்டிசம் உடைய வளர்ந்த மகனையோ மகளையோ உடன்கொண்டு அந்நாட்டிற்குக் குடிபெயர எண்ணும் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துப் பெற்றோர் முதற்கண் கற்கத்தக்க பகுதி இதுவே. மூலம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உள்ளது; இரண்டும் ஒத்த மதிப்புடையன. கற்போர் பொருட்டு அதன் பொருள் தமிழில் பின்வருமாறு கொள்ளப்படும்:

பெற்றோரின் பிள்ளையாய், இருபத்திரண்டு வயது நிரம்பாது துணை இல்லாதவரோ, இருபத்திரண்டோ அதற்கு மேலோ வயதாகி, அவ்வயது எய்துமுன்னிருந்தே பெற்றோரின் பொருளுதவியைப் பெரிதும் சார்ந்து, உடல் அல்லது மன நிலையால் தம்மைத் தாமே பொருளளவில் தாங்க இயலாதவரோ, சார்ந்த பிள்ளை ஆவர்.

இது என்னுதலிற்றோ எனின், குடிபெயரும் பெற்றோரொடு ஒரே மனுவில் வைத்து எண்ணத்தக்க பிள்ளை இன்னார் என உணர்த்துதல் நுதலிற்று.

'பிள்ளையாய்' என்றது பெற்ற பிள்ளையையும் தத்துப்பிள்ளையையும் அடக்கி நின்றது. தமிழ் வழக்கில் பிள்ளை என்னும் சொல்லுக்கு வயதெல்லை இல்லை. தொண்ணூறு வயதுத் தாய் அறுபது வயது மகனையும் 'என் பிள்ளை' என்றே சொல்லுவாள். விதிநூல் அங்ஙனம் கொள்ளாது, வயதால் வரைந்தே அப்பெயரைத் தரும். அமெரிக்க நாட்டுக் குடிவரவுச் சட்டம் 21 வயது நிரம்பியவரைப் பிள்ளை என்னும் வகையினின்று நீக்கி, மகன், மகள் என வேறு வகையில் வைத்தது. தம்மைத் தாம் பேண இயலாதவர்க்கென அவ்வெல்லையில் விலக்குக் கூறிற்றில்லை. கனடா விதி அவ்விலக்கைக் கூறிற்று. முப்பது வயதானவரும் நாற்பது வயதானவரும் இவ்விதியின்கண் பிள்ளை எனப்படுதல் கூடும். இவ்விதியை ஊன்றிக் கற்க வேண்டுவதன் காரணம் இதுவே.

'இருபத்திரண்டு வயது நிரம்பாது துணை இல்லாதவர்' என்பது முதல் வகை. துணை என்றது மணத்துணையையும் மணமின்றி உடன்வாழும் துணையையும். இவ்வெல்லை 2014 ஆகஸ்ட் 1 அன்று 19 எனக் குறுக்கப்பட்டு, 2017 அக்டோபர் 24 அன்று மீளவும் 22 ஆயிற்று. குறுக்கப்பட்ட அந்நாளிலேயே, படித்துக்கொண்டிருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இருந்த இடமும் நீக்கப்பட்டது. 2017இல் வயது மீண்டதேயன்றி அவ்விடம் மீளவில்லை. இம்முதல் வகையில் ஐயம் நிகழ்தற்கு இடமின்மையின் இவ்வளவில் அமைக.

'இல்லாதவரோ', 'இயலாதவரோ' என இரண்டிடத்தும் நின்ற ஓகாரம், இரு வகையுள் ஒன்று அமைந்தால் போதும் என்பது உணர்த்திற்று. ஆயின் இரண்டாம் வகையின் உள்ளே 'சார்ந்து' என்னும் வினையெச்சம் 'இயலாதவர்' என்பதனோடு இயைந்து முடிந்தமையால், சார்தலும் இயலாமையும் ஒருங்கே வேண்டும் என்க. இயலாமை மட்டும் காட்டிச் சார்பைக் காட்டாதவர்க்கும், சார்பு மட்டும் காட்டி இயலாமையைக் காட்டாதவர்க்கும் இவ்விதி பயன்படாது. இரண்டனுள் ஒன்றே காட்டப்பட்ட மனு திரும்பிவருதல் கூடும்.

'அவ்வயது எய்துமுன்னிருந்தே' என்பது இவ்விதியின் உயிர்நிலை. 'முன்' என்பது தொடக்கத்தையும், 'இருந்து' என்பது இடையறாமையையும், தேற்றப் பொருளில் வந்த ஏகாரம் இரண்டனையும் ஐயமறக் காட்டல் வேண்டும் என்பதையும் உணர்த்தின. இருபத்தைந்தாம் வயதில் விபத்துற்று இயலாதவராயினார்க்கு இச்சொல் இடம் தாராது. ஆட்டிசமோ பிறவியொடு வருவது, வளர்ச்சியின் தொடக்கத்திலேயே தோன்றுவது. ஆகவே இயல்பால் இச்சொல் நிறைவெய்தியதே அன்றோ எனின், நிறைவெய்தியதே. ஆயினும் அதிகாரி இயல்பைக் காணமாட்டார், தாளையே காண்பார் என்க.

இதற்கு ஓர் இல்லத்தை எண்ணிப் பார்த்தல் தகும். 1994இல் சிதம்பரத்தில் பிறந்த ஒருவன், ஓய்வுபெற்ற தந்தை, தாய், டொராண்டோவில் கணவனோடும் குழந்தையோடும் வாழும் அக்காள். அக்காள் பெற்றோரை அழைக்கிறாள். பெற்றோரோடு தம்பியும் சார்ந்த பிள்ளையாய் வர வேண்டும். தந்தை பீரோவின் அடித்தட்டிலிருந்து நெகிழிக் கோப்பு ஒன்றை எடுக்கிறார். அதன் முதல் தாள் நகராட்சி தந்த பிறப்புச் சான்று. அதில் மாவட்டத்தின் பெயர் கடலூர் என்று இராது, தென்னார்க்காடு வள்ளலார் என்று இருக்கும். 1993இல் தென்னார்க்காடு இரண்டாய்ப் பிரிந்தபோது கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதி பெற்ற பெயர் அது. அடுத்தது மாற்றுத்திறனாளிக்கான பழைய அடையாள அட்டை. பத்து வயதுச் சிறுவனின் புகைப்படம் ஒட்டியிருக்கிறது. முகம் கேமராவை நோக்காது பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. படத்தின் ஓரத்தில் மோவாயைப் பிடித்துத் திருப்ப முயன்ற தாயின் இரண்டு விரல்களும் அறுபடாமல் விழுந்திருக்கின்றன. குறைபாட்டின் வகை என்னும் இடத்தில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதியிருக்கிறது. ஆட்டிசம் என்னும் சொல் அவ்வட்டையில் எங்கும் இல்லை.

அச்சொல் இல்லாமைக்குக் காரணம் பெற்றோரின் அறியாமையன்று. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் எழுவகைக் குறைபாடுகளையே எண்ணிற்று. அவற்றுள் ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொன்றாக விரித்து அதனையும் சேர்த்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19 அன்று. 1994இல் பிறந்தவனுக்கு 2016இலேயே இருபத்திரண்டு நிரம்பிவிட்டது. ஆகவே விதி வேண்டும் காலத்தில் அவன் கையிலிருந்த சான்று ஒரு பெயரும், பின்னர்ப் பெற்ற தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள (யு.டி.ஐ.டி.) அட்டை மற்றொரு பெயரும் தாங்கி நிற்கும். இதனை மாறுபாடு எனக் கொண்டு பழைய அட்டையை ஒளித்துவைப்பாரும் உளர். அது பெரும் பிழை. 'முன்னிருந்தே' என்னும் சொல்லுக்குச் சான்றாவது அப்பழைய அட்டையே. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, பெயர் மாறியது சட்டத்தால், பிள்ளை மாறவில்லை என்பதை மருத்துவர் மடலொன்றால் இணைத்துக் காட்டுக. தென்னார்க்காடு வள்ளலார் எனப்பட்டதும் கடலூர் எனப்படுவதும் ஒரே நிலமாதல் போல இதனைக் கொள்க.

'பெற்றோரின் பொருளுதவியை' என்புழிப் பொருளுதவி என்றது பணத்தையும் பணத்தால் ஆவனவற்றையும். குளிப்பாட்டுதல், ஊட்டுதல், இரவில் உறங்காதிருக்குங்கால் உடன் விழித்திருத்தல் என்பன அன்பின்பாற்படுவன. விதி அவற்றைக் கேட்டிலது. கேளாமை பற்றி அவை சிறியன என்று கொள்ளற்க. அளக்கத்தக்கதையே நூல் கேட்கும். சிறப்புப் பள்ளிக் கட்டண இரசீது, பேச்சுப் பயிற்சிச் சீட்டு, மருந்துக்கடைப் பட்டியல், வங்கிப் பாஸ்புக் ஆகியன இதற்குச் சான்று. இவற்றினும் வலியது ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 80டிடி பிரிவின்கீழ், தம்மைச் சார்ந்த மாற்றுத்திறனாளியைப் பேணுவோர் 75,000 ரூபாயும், கடும் குறைபாடாயின் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ள இடம் இருந்தது. மாதச் சம்பளக்காரரான தந்தை ஆண்டுதோறும் இதனைக் காட்டியிருப்பின், சார்பு என்னும் சொல் அரசின் ஏட்டிலேயே ஆண்டு ஆண்டாகப் பதிந்து கிடக்கும்.

'பெரிதும்' என்றது முழுவதும் என்பதை விலக்கிற்று. தமிழ்நாட்டரசு மனவளர்ச்சி குன்றியோர்க்கும் கடும் பாதிப்புற்றோர்க்கும் தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். அரசின் பணத்தைப் பெற்றவன் பெற்றோரைச் சார்ந்தவன் ஆகாதோ எனின், அற்றன்று. இரண்டாயிரம் ரூபாய் ஒரு மாதத்து மருந்துக்கும் பயிற்சிக்கும் ஆகாது. எஞ்சியது அனைத்தும் பெற்றோர் கையினின்றே செல்லும். பயிற்சி மையத்தில் காகிதப்பை ஒட்டிச் சில நூறு ரூபாய் பெறுவானுக்கும் இஃது ஒக்கும். அச்சிறு வருவாயை மறைக்க வேண்டா. 'பெரிதும்' என்னும் சொல்லே காக்கும்.

'உடல் அல்லது மன நிலையால்' என்புழி 'நிலை' என்ற சொல்லை நோக்குக. நோய் என்னாது நிலை என்றமையின், தீர்தற்கு உரியது என்றோ தீராதது என்றோ ஆராய்ச்சி வேண்டா என்பது பெறப்படும். ஆட்டிசம் நோயன்று என்பார்க்கும் இச்சொல் உடன்பாடே. 'ஆல்' உருபு காரணப் பொருட்டு. வேலை கிடையாமையால் தந்தையைச் சார்ந்திருக்கும் பட்டதாரி இருபத்து நான்கு வயதினனாயின் இதனுள் அடங்கான். அவன் சார்பிற்குக் காரணம் நிலையன்று. 'தாங்காதவர்' என்னாது 'தாங்க இயலாதவர்' என்றதும் அது நோக்கியே.

இனி, பிள்ளை என ஏற்றபின்னும் ஒரு வாயில் உண்டு. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, ஒருவர் உடல்நிலையால் மருத்துவ, சமூகச் சேவைகளின்மேல் மிகையான சுமை நேரும் என நியாயமாக எதிர்பார்க்கப்படின் அவர் ஏற்கப்படார் என்கிறது. 'மிகை' என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. சுமை என்னாது மிகைச்சுமை என்றமையால், ஓரளவு சுமை எல்லார்க்கும் உண்டென நூல் உடன்பட்டது. 2018 சூன் 1 முதல் மிகை எனக் கொள்ளும் எல்லை மும்மடங்காக உயர்த்தப்பட்டது. சிறப்புக் கல்வி, தொழிற்பயிற்சி மறுவாழ்வு, தனியாள் உதவி ஆகியவற்றின் செலவு கணக்கினின்று நீக்கப்பட்டது. 2024இல் எல்லை ஆண்டிற்கு 26,220 கனடா டாலர், ஐந்தாண்டிற்கு 1,31,100. ஆட்டிசம் உடையார்க்கு இம்மாற்றம் பெரும் நன்மை; அவர்க்கு ஆகும் செலவில் மிகுபகுதி நீக்கப்பட்டவற்றின்கண்ணேயே அடங்கும்.

'நியாயமாக' என்னும் அடை வாளா வந்ததன்று. 2005இல் கனடா உச்ச நீதிமன்றம் ஹிலவிட்ஸ் வழக்கில் இதற்குப் பொருள் விரித்தது. தென்னாப்பிரிக்கத் தந்தை ஒருவரும் நெதர்லாந்துத் தந்தை ஒருவரும் அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய தம் பிள்ளைகளொடு குடிபுக வேண்டி மறுக்கப்பட்டனர். குறைபாட்டின் பெயரை மட்டும் கண்டு மறுத்தல் ஆகாது. அக்குடும்பம் உண்மையில் எதனைப் பயன்படுத்தும், தன் செலவில் எதனைச் செய்துகொள்ள வல்லது, மனமும் உடையது என்பவற்றை ஆள்தோறும் நோக்க வேண்டும் என்று மன்றம் கூறியது. ஆகவே ஐயுற்ற அதிகாரி மடல் அனுப்பின், அதனை மறுப்பு எனக் கொண்டு மனம் தளரற்க. விடையளிக்கத் தரப்பட்ட காலம் அது.

கணவன், மனைவி, தம் சொந்தப் பிள்ளை ஆகியோரைக் குடும்ப வகையில் அழைப்பார்க்கு இம்மிகைச்சுமைத் தடை இல்லை. ஆயின் அக்காள் பெற்றோரை அழைக்க, அவரொடு வரும் தம்பிக்குத் தடை உண்டு. அவன் அவளுக்குப் பிள்ளையன்மையின்.

பிள்ளையை ஊரில் உறவினரிடம் விட்டுப் பெற்றோர் மட்டும் செல்லின் இவ்வாராய்ச்சி வேண்டாவோ எனின், வேண்டும். உடன் வாராத சார்ந்த பிள்ளையும் பொதுவாக மனுவில் கூறப்பட்டு மருத்துவ ஆய்வுக்கு உட்படல் வேண்டும். அவர் ஏற்கப்படாராயின் பெற்றோரும் ஏற்கப்படாமல் போகலாம். கூறாது மறைப்பின், பின்னாளில் குடும்ப வகையில் அழைக்கும் வழி பொதுவிதிப்படி அடைபடும். தில்லைக்கு ஈழத்தரசன் வந்த வரலாற்றை இவ்வூரார் அறிவர். பேசா மகளை அரண்மனையில் விட்டு வராது, கடல் கடந்து உடன் கொணர்ந்தான். மணிவாசகர் முன் அவள் வாய் திறந்தாள் என்பது திருவாதவூரடிகள் புராணம் கூறும் செய்தி. எல்லாப் பிள்ளையும் அங்ஙனம் பேசும் என்று கொள்வார் இலர். உடன் கொணர்ந்தமையே ஈண்டு எடுத்துக்கொள்ளப்பட்டது.

பதினெட்டு வயது நிரம்பியவர் தம் மனுவில் தாமே ஒப்பமிடுதல் முறை. இயலாதவர்க்குப் பாதுகாவலர் வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 14ஆம் பிரிவு, ஆட்டிசம் உடையார்க்குப் பெற்றோர் தம் விருப்பப்படி ஒருவரைப் பாதுகாவலராக நியமிக்க வேண்டி உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம் என்கிறது. அக்குழுவில் மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ளவர் ஒருவர், பதிவுபெற்ற அமைப்பின் சார்பில் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் இருப்பர். நம்மவர்க்கு அது கடலூரில். பெற்றவர்க்குப் பாதுகாவலர் சான்று எதற்கு என்று கேட்பார் பலர். பதினெட்டு நிரம்பியபின் பெற்றோர் சட்டத்தின் கண்ணில் தாமாகவே பாதுகாவலர் ஆகார் என்பதே விடை. நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துள் அப்பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் தர வேண்டும் என்று 16ஆம் பிரிவு கூறும். பட்டியலில் எழுத ஒன்றும் இல்லையாயினும் அதனையே எழுதித் தருக.

இவ்விதி கூறாது விட்டது ஒன்று உண்டு. அப்பிள்ளை செல்ல விரும்புகின்றதா என்பதை அது கேட்டிலது. நாள்தோறும் மாலை ஆறு மணிக்குக் கீழவீதிக் கோபுர வாயிலில் ஒரே படியில் அமர்ந்து, சாயரட்சை மணி ஓய்ந்தபின் மட்டும் எழும் ஒருவனுக்கு, அப்படியும் அம்மணியும் இல்லாத ஊர் எத்தகையது என்பதை எந்தப் படிவமும் கேளாது. நூல் கேளாததைப் பெற்றோர் கேட்டல் வேண்டும். சொல்லால் விடை வாராதாயின், விமானத்தின் படத்தையும் அக்காள் வீட்டின் படத்தையும் பல திங்கள் முன்னரே சுவரில் ஒட்டி, அவன் அவற்றின்முன் நிற்கின்றானா, கிழிக்கின்றானா என்று காண்க. விரல் ரேகை எடுக்கும் கருவியில் கைவைக்கவும், மருத்துவ ஆய்வில் சட்டையைக் கழற்றவும் முன்னரே பழக்குக. அவற்றின்பொருட்டுச் சென்னை சென்று ஒரே நாளில் மீளும் திட்டம் வேண்டா. ஓர் இரவு தங்கிச் செல்க.

இறுதியாக, முதலில் விரைந்து கடந்த 'பெற்றோர்' என்னும் சொல்லுக்கு மீளுவாம். இவ்விதி முழுவதும் அச்சொல் என்னும் ஒற்றைத் தூணின்மேல் நிற்கிறது. நாற்பது வயதினனும் பிள்ளை ஆவது, பெற்றோர் உயிரோடு மனுவில் நிற்கும்வரையே. மனு முடியுமுன் அவர் மறையின் பிள்ளையின் மனு தனித்து நில்லாது. பின்னர் அக்காள் அழைக்கலாகாதோ எனின், 117ஆம் விதி உடன்பிறந்தாரை அழைக்க இசைவது, அவர் பதினெட்டு நிரம்பாதவராய், பெற்றோரை இழந்தவராய், துணை இல்லாதவராய் இருக்குமிடத்தே. சுற்றமே இல்லாதார் உறவினர் ஒருவரை அழைக்கும் வழி ஒன்று உண்டு. கணவனும் குழந்தையும் உடைய அக்காளுக்கு அது பொருந்தாது. தத்தெடுத்துக்கொள்ளலாகாதோ எனின், 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம், வழக்காறு இடந்தந்தாலன்றி, பதினைந்து நிரம்பியவரைத் தத்தெடுக்க விடாது. கனடா விதியும் பதினெட்டுக்கு முன்னரே பெற்றோர் பிள்ளை உறவு உண்மையாய் இருந்திருத்தல் வேண்டும் என்னும்.

திலகவதியார் பிறந்த திருவாமூர் கடலூர் மாவட்டத்தது. பெற்றோர் மறைய, மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் படத் தாமும் உயிர்விடத் துணிந்த அவர், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். கல்லொடு கடலில் இடப்பட்ட அத்தம்பி கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர், இன்றைய கடலூர். தம்பிக்கு அக்காளே தாயும் தந்தையும் ஆன வரலாறு இம்மண்ணுக்கு உரியது. எனினும் விதிநூலில் அக்காளுக்கு அவ்விடம் இல்லை. 'நாங்கள் போனபிறகு மகள் பார்த்துக்கொள்வாள்' என்று இருக்கும் பெற்றோர் இதனை நன்கு உணர்தல் வேண்டும். அவள் பார்த்துக்கொள்வாள், ஆனால் அவனைத் தன்னிடம் வரவழைத்துக்கொள்ள அவளால் ஆகாது.

பெற்றோரை அழைக்கும் திட்டத்தின் காத்திருப்பும் நெடிது. 2024இல் அனுப்பப்பட்ட அழைப்புகளும் 2020இல் விருப்பம் பதிந்தவர்களிலிருந்தே எடுக்கப்பட்டன. ஆகவே இருபத்திரண்டு நிரம்பாத ஆட்டிசப் பிள்ளையை உடைய கடலூர், சிதம்பரத்துப் பெற்றோரை வேண்டுவது ஒன்று. செல்வது உறுதியாகாவிடினும், அப்பிள்ளையின் பெயரில் உள்ள முதல் மருத்துவச் சீட்டையும், முதல் அடையாள அட்டையையும், முதல் பள்ளி இரசீதையும் இன்றே தேடி எடுத்து ஒரு கோப்பில் வைத்து, அக்கோப்பு எங்கிருக்கிறது என்பதை மற்றப் பிள்ளைக்கும் சொல்லி வைப்பீராக.